அறுபத்தாறிலிருந்து நூறுக்கு

2002 ஜூலை ஐந்தாம் திகதி, வெள்ளிக்கிழமை. ஹட்டனில் தன் ஸ்டூடியோவில் துரைராசா ஐயா ஒரு வீடியோ டேப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். டிக்கோயாப் பக்கம் நடந்த ஒரு கலியாணம். ஓடும் நேரம் இரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் குறைவு. அதைச் சீடியாக மாற்றி அடுத்த வெள்ளிக்கிழமை நான் கொண்டுவர வேண்டும். சரியாக இருந்தால் ஸ்டூடியோவின் பழைய டேப்புகளைச் சீடியாக்கும் வேலை எனக்கு. சரியில்லை என்றால் எல்லா டேப்புகளும் வழக்கம்போல சனிக்கிழமை ரயிலில் கொழும்புக்குப் போகும்.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கணக்கு வாத்தியாராக இங்கே வந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குப் போகாமல் ஸ்டூடியோ வைத்துவிட்டார். பேச்சில் மட்டும் இன்னும் வகுப்பறையை விட்டு வெளியே வரவில்லை.

"பிள்ளை, நான் படத்தின்ர வடிவைப் பாக்க மாட்டன்," என்றார். "தவில்காரன்ர கையைத்தான் பாப்பன். கை தோலில படேக்க சத்தம் வரோணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. விளங்குதோ?"

விளங்கியது. டேப்பைப் பொலித்தீன் பையில் சுற்றி, நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் ஏறினேன்.

எனக்கு இருந்த தவணை ஜூலை முப்பத்தொன்று. இங்கே வருவதற்கு முன் மூன்று வருடம் கொழும்பில் ஒரு கணினிக் கடையில் வேலை செய்தேன். கணினிக் கடை என்று பெயர்தான். நான் செய்ததெல்லாம் பில் எழுதுவதும், கீபோர்டுகளில் தூசு தட்டுவதும், தேநீர் ஊற்றுவதும். கணினிப் பெட்டியைத் திறக்கும் வேலை பையன்களுக்கு. ஒருநாள் நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்ததற்கு, முதலாளி சிரித்துக்கொண்டே அதை வாங்கி லாச்சியில் போட்டுப் பூட்டினார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கடையில் யாருக்கும் வேண்டாமல் கிடந்த ஒரு பழைய பெட்டியை, டேப்பிலிருந்து படம் இழுக்கும் கார்டும் சீடி எழுதும் டிரைவும் சேர்த்து எனக்கென்று வாங்கிக்கொண்டு, ஒரு மாத லீவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். ஆகஸ்ட் முதலாம் திகதி வராவிட்டால் வேறு பிள்ளையைப் போடுவேன் என்று முதலாளி சொல்லியனுப்பினார். வீட்டிலும் அதே பேச்சுத்தான்.

"மாசக் கடைசி வரைக்கும் என்னா வேணும்னாலும் பண்ணு," என்றார் அம்மா. அவர் பெயர் ராசம்மா. கொழுந்து எடுக்கிறவர். "அதுக்குப் பொறவு பொட்டியோட சேத்து ஒன்னையும் பஸ்ஸில ஏத்திப்புடுவேன்."

ஆக, இந்த ஒரு டேப் சரியாக வந்தால் நான் இங்கே இருந்து பெட்டியைத் திறக்கலாம். வராவிட்டால் திரும்பப் போய் பில் எழுத வேண்டும். இடையில் வேறொன்றும் இல்லை.

சனிக்கிழமை காலை லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீட்டில், எங்கள் காம்பரா அறையில், டேப் ஓட்டும் டெக்கைக் கணினியோடு பொருத்தி முதல் தடவை ஓட்டிப் பார்த்தேன். டேப்பில் ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படங்கள் ஓடுகின்றன. கணினி அவை ஓடுகிற வேகத்திலேயே ஒவ்வொன்றாகப் பிடித்துச் சுருக்கி டிஸ்கில் போட வேண்டும். டேப் யாருக்காகவும் காத்திருக்காது. கணினிக்கு முடியாவிட்டால் படத்தைக் கீழே விட்டுவிடும். எத்தனை படம் தவறியது என்று திரையின் ஓரத்தில் ஒரு எண் ஓடும். பத்து நிமிடத்தில் அந்த எண் 1,840. ஓட்டிப் பார்த்தால் மாப்பிள்ளை தாண்டித் தாண்டி நடக்கிறார். தவில்காரரின் கை மேலே இருக்கும்போதே சத்தம் வந்துவிடுகிறது.

நான் ஒரு மொனிட்டர் கொப்பி, தடித்த அட்டைபோட்ட குறிப்பேடு, வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர் பழக்கிய பழக்கம். திகதி, நேரம், என்ன மாற்றினேன், என்ன நடந்தது. அதில் முதல் வரியாக இதை எழுதிவிட்டு, நோட்டன் பிரிட்ஜ் கொமினிகேஷன் கடைக்கு நடந்துபோய் ஆரூரனுக்கு டெலிபோன் எடுத்தேன். ஆரூரன் கொழும்புக் கடையில் பெட்டி திறக்கும் பையன்களில் ஒருவர். என்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள்.

என் கணினியின் செயலி 300 வேகத்தில் ஓடும் செலரோன். அதைப் பற்றி அவர் முன்பே ஒரு தரம் சொல்லியிருந்தார். மதர்போர்டு 66 மெகாஹெர்ட்ஸ் சொச்சத்தில் துடிக்கிறது. செயலி அதை நாலரையால் பெருக்கி 300 ஆக்குகிறது. அந்த நாலரையை யாரும் மாற்ற முடியாது, பூட்டியிருக்கிறது. ஆனால் துடிப்பை மாற்றலாம். 66ஐ 100 ஆக்கினால் அதே செயலி 450இல் ஓடும். எல்லாம் ஓடாது. இந்த ரகத்தில் அனேகமானது ஓடும். ஓடாவிட்டால் நின்றுவிடும். கவனமில்லாமல் சூடாக்கினால் கருகியும் போகும். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

"பயப்படாதேயும்," என்றார் ஆரூரன். "உம்மட ஊரில குளிர் சும்மா கிடைக்குது. இஞ்ச நாங்கள் ஃபானுக்கு மேல ஃபான் வைக்கிறம். ஒண்டு மட்டும் கேளும். ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்தோணும். மாத்தினாப் பிறகு பகா எண் தேடுற புரோகிராம் ஒண்டு தந்தனான் எல்லே, அதை ஒரு நாள் முழுக்க ஓட விடும். அது பிழை விடாமல் ஓடினால் எதுவும் ஓடும்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். அப்பா வீரய்யா அப்போதுதான் ஸ்டோரிலிருந்து வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம், அதன் பொறுப்பாளரை டீமேக்கர் என்று. அப்பாவுக்கு அங்கே ரோலரில் வேலை. வாடிய கொழுந்தைக் கொட்டினால் சுழன்று சுழன்று முறுக்கி எடுக்கும் பெரிய இயந்திரம். அவர் எட்டிப் பார்த்து, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். வேகத்தைக் கூட்டப் போகிறேன் என்றேன்.

"முன்ன ஒரு தொரை இருந்தாரு," என்றார். "ரோலர வேகமா சுத்த விட்டா சீக்கிரம் வேல முடியும்னு அவருக்கு ஒரு யோசன. சுத்துச்சு. எல கஞ்சியாப் போச்சு. தொரை டிரான்ஸ்பர்ல போனாரு."

"நான் எங்கயும் போக மாட்டேன்ப்பா," என்றேன்.

மதர்போர்டின் ஓரத்தில் மூன்று சிறு ஊசிகள். அவற்றில் இரண்டை மூடிக்கொண்டு ஒரு கறுப்புத் தொப்பி. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரியது. முதல் இரண்டு ஊசியில் இருந்தால் 66. கடைசி இரண்டில் இருந்தால் 100. புருவம் பிடுங்கும் சாமணத்தால் அதைப் பிடித்து இழுத்தபோது, மூச்சு விட்டால் விழுந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஓர் ஊசி தள்ளி வைத்து அழுத்தினேன். இவ்வளவுதான் வேலை. இதைத்தான் மூன்று வருடம் பூட்டி வைத்திருந்தார்கள்.

சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அணைத்துப் போட்டேன். கறுப்பு. அம்மா கதவுக்கு வெளியிலிருந்து, செத்துப்போச்சா என்று கேட்டார். தொப்பியைப் பழைய இடத்தில் வைத்தேன். 300 என்று காட்டி ஒழுங்காக ஓடியது. அப்படியென்றால் எதுவும் கருகவில்லை. 100 என்ற வேகத்தை யாரோ ஒருவர் தாங்கவில்லை. செயலி தாங்கவில்லையா, வேறொன்றா?

நினைவகப் பலகைகள் இரண்டு இருந்தன. இரண்டையும் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றின் ஒட்டுத்தாளில் 100 என்றிருந்தது. மற்றதில் 66. எல்லாரும் ஓடும்போது இவர் நடக்கிறார். அவரை எடுத்துக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டு, மீண்டும் தொப்பியை மாற்றிப் போட்டேன். திரையில் வெள்ளை எழுத்து வந்தது. 450.

நான் கத்தவில்லை. கொப்பியை எடுத்து நேரத்தை எழுதினேன். பதினொன்று இருபது. செயலியின் சூடு 39 பாகை. பெட்டியைத் திறந்தபடியே வைத்து, பழைய பவர் சப்ளை ஒன்றிலிருந்து கழற்றிய இன்னொரு விசிறியை நூலால் கட்டி செயலிக்கு நேராகத் தொங்கவிட்டேன். சூடு 36க்கு இறங்கியது. ஆரூரன் சொன்ன புரோகிராமை ஓட விட்டேன்.

அன்று பகல் முழுக்க ஓடியது. நான் தூங்கி எழும்பியபோதும் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை அம்மா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், மலையில் ஏறி, கொழுந்து எடுக்கத் தொடங்கிய பிறகும் ஓடியது. ஒன்பது இருபதுக்கு நான் அதை நிறுத்தியபோது இருபத்திரண்டு மணி நேரம். ஒரு பிழையும் இல்லை. கொப்பியில் 'சித்தி', அதாவது தேறியது, என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்.

டேப்பை ஓட விட்டுப் படம் பிடிக்கத் தொடங்கினேன். தவறிய படங்கள்: பத்து நிமிடத்தில் மூன்று. மூன்றே மூன்று! தவில்காரரின் கையும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. இனி டேப் முடியும் வரைக்கும் தேநீர் குடிக்கலாம் என்று அடுப்படிக்குத் திரும்பினேன். ஒன்பது நாற்பத்தொன்றுக்குத் திரும்பிப் பார்த்தபோது மணப்பெண்ணின் அத்தை வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றார். சுட்டெலி அசையவில்லை. கணினி உறைந்துவிட்டது.

திரும்பத் தொடங்கினேன். பத்து எட்டுக்கு நின்றது. பத்து முப்பத்தைந்துக்கு நின்றது. சூடு 37தான். இணைப்புகளை அழுத்தினேன். நினைவகத்தைக் கழற்றிப் பூட்டினேன். பதினொன்றரைக்குத் தானாக அணைந்து தானாகப் போட்டுக்கொண்டது. பிறகு தொப்பியை 66க்கு மாற்றி அதே டேப்பை ஓட விட்டேன். படங்கள் கொத்துக் கொத்தாகத் தவறின. ஆனால் மூன்று மணி வரைக்கும் ஒரு தடவையும் நிற்கவில்லை.

அப்பா மூன்று மணிபோல வந்து பார்த்தார். பெட்டியின் முன்னால் நான் இருந்த இருப்பைப் பார்த்து, தேநீரை அவரே ஊற்றிக்கொண்டார்.

கொப்பியைத் திறந்து வைத்து யோசித்தேன். இருபத்திரண்டு மணி நேரம் இதே பெட்டி, இதே 450இல் பிழையில்லாமல் ஓடியது. ஒன்பது இருபதுக்கும் ஒன்பது நாற்பத்தொன்றுக்கும் இடையில் நான் பெட்டிக்குள் எதையும் மாற்றவில்லை. அப்படியென்றால் மாறியது பெட்டிக்கு வெளியே. திரும்பவும் 100க்கு மாற்றி, படம் பிடிக்க விட்டு, இந்தத் தடவை திரையைப் பார்க்காமல் கதவோரம் நின்று காம்பரா முழுவதையும் பார்த்தேன். சுவரில் சாமிப்படம், கொடியில் துணி, மேலே பல்பு. நாலு மணி பத்து நிமிடத்துக்குப் பல்பு ஒரு தரம் மங்கி எழுந்தது. திரும்பினால் திரை உறைந்திருந்தது.

பல்பு மங்குவது எங்கள் லயத்தில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தரம் நடப்பது. லயத்துக்குக் கரண்ட் வந்த நாளிலிருந்து நடப்பது. யாரும் அதைப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. ஸ்டோருக்கும் லயத்துக்கும் ஒரே டிரான்ஸ்போமர். ஸ்டோரில் ஒரு பெரிய மோட்டர் புறப்படும்போது எங்கள் கரண்ட் ஒரு விநாடி தொய்கிறது. 300இல் இருக்கும்போது பெட்டி அதைச் சமாளித்துக்கொள்கிறது. 450இல் படம் பிடிக்கும்போது அதற்குப் பசி அதிகம், தொய்ந்தால் தாங்குவதில்லை; சும்மா இருந்தால் தாங்கும்.

என் தவறு என்னவென்று அப்போதுதான் விளங்கியது. சனிக்கிழமை எடுத்த கொழுந்தை ஞாயிறு காலையில் அரைத்து முடித்துவிட்டு ஸ்டோரை நிறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை. அதனால் திங்கள் ஒன்பதரை மணிக்கு முதல் நிறுவைக் கொழுந்து வந்து, அதை வாட்டுவதற்கு மேல்மாடி விசிறிகளைப் போடும் வரைக்கும் ஸ்டோரில் ஒரு மோட்டரும் புறப்படாது. வாரத்தில் கரண்ட் அசையாமல் நிற்கும் ஒரே நேரத்தைப் பார்த்து நான் சோதனை வைத்திருக்கிறேன். கொழும்பில் இருக்கும் ஆரூரனுக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள். தோட்டத்தில் பிறந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு வரைக்கும் காத்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமை தவணை.

அப்பாவிடம் கேட்டேன். காலையில் ரோலர் எத்தனை மணிக்கு, எத்தனை தரம் புறப்படும் என்று.

"எதுக்கு?" என்றார். "டீமேக்கர் ஐயா கேட்டா என்னா சொல்லுறது? எம் மக ரோலருக்கு சாதகம் எழுதுறான்னா?"

"ஆமான்னு சொல்லுங்க."

சிரித்துவிட்டுச் சொன்னார். ரோலர் இரண்டு. காலை ஐந்துக்கு முதலாவது புறப்படும், ஐந்து பத்துக்கு இரண்டாவது. ஒவ்வொன்றும் அரை மணி நேரம் சுற்றும். நிறுத்தி, கொட்டி, சலிப்புக்கு அனுப்பி, புதுக் கொழுந்து நிரப்ப பத்து நிமிடம். பிறகு திரும்பப் புறப்படும். நான் கொப்பியில் வரைந்து பார்த்தேன். நாற்பது நிமிடத்துக்கு இரண்டு தொய்வு, பத்து நிமிட இடைவெளியில். அவற்றுக்குப் பிறகு முப்பது நிமிடம் ஒன்றும் இல்லை.

அப்பா சொன்னதை அப்படியே நம்பிவிடாமல், செவ்வாய்க்கிழமை காலை ஐந்திலிருந்து ஒன்பதரை வரைக்கும் பல்புக்குக் கீழே கடிகாரத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு மங்கலையும் எழுதினேன். பதினாலு மங்கல்கள் வந்தன. இரண்டொரு நிமிட வித்தியாசத்தில் கணக்குச் சரி. ஒன்பதரைக்குப் பிறகு மேல்மாடி விசிறிகள் நினைத்த நேரத்தில் புறப்படுகின்றன, அதில் ஒழுங்கே இல்லை. ஆக, ஐந்திலிருந்து ஒன்பது வரைக்கும் ஆறு இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் இருபத்தேழு நிமிடம் பிடிக்கலாம். இரண்டு மணி நேர டேப்புக்கு ஐந்து போதும்.

இன்னொன்றும் கண்டேன். டேப்பிலிருந்து பிடிக்கும்போதுதான் வேகம் வேண்டும். பிடித்த படத்தைச் சீடிக்கு ஏற்றபடி மாற்றுவதற்கு அவசரமில்லை. அது டிஸ்கில் இருக்கிறது, காத்திருக்கும். அந்த வேலையை 66க்கு மாற்றிவிட்டு மெதுவாகச் செய்யலாம். மோட்டர் புறப்பட்டாலும் நிற்காது. பதினெட்டு மணி நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

"நீ ஸ்டோர்ல சேந்துரலாம் புள்ள," என்றார் அம்மா, கொப்பியில் இருந்த கட்டங்களைப் பார்த்து. "டீமேக்கரே இப்பிடி எழுதி நான் பாக்கல."

புதன்கிழமை ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். வெளியே மழை. பல்பு ஒரு தரம் மங்கியது, பத்து நிமிடம் கழித்து இன்னொரு தரம். ஐந்து பதினொன்றுக்கு டேப்பை விட்டேன். தவறிய படம் ஒன்றும் இல்லை. ஐந்து முப்பத்தெட்டுக்கு நிறுத்துவது என்பது என் சட்டம். ஆனால் சரியாக அந்த நேரத்தில் மணப்பெண் பந்தலுக்குள் வருகிறாள். நாயனம் ஏறுகிறது. மேடைக்கு வரட்டும், அங்கே வெட்டினால் அழகாக இருக்கும் என்று விட்டேன். அவள் இரண்டாவது படியில் கால் வைத்தபோது பல்பு மங்கியது.

இருபத்தெட்டு நிமிடப் படமும் போய்விட்டது. மூடாத கோப்பு, திறக்க முடியாது. டிஸ்கைச் சரிபார்க்கும் நீலத்திரை வந்து பதினைந்து நிமிடத்தை எடுத்துக்கொண்டது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் என்னைத் திட்டிக்கொள்ளவில்லை. டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றினேன். கொப்பியில், 'அழகு பார்க்கக் கூடாது. நேரம் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன். இனி ஐந்து இடைவெளிகள்தான். ஒன்றையும் இழக்க முடியாது.

ஐந்து ஐம்பத்தைந்துக்குத் தொடங்கியதில் இருபத்துமூன்று நிமிடம் கிடைத்தது. அடுத்ததில் இருபத்தேழு. அதற்கடுத்ததிலும் இருபத்தேழு. ஒவ்வொரு தடவையும் டேப்பைச் சில விநாடி பின்னால் சுற்றித் தொடங்கினேன். மிகுதியைப் பிறகு கத்தரித்துக்கொள்ளலாம். பெரட்டுக்குப் போன அம்மா கதவைச் சாத்திக்கொண்டு போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

ஏழு ஐம்பத்தொன்றுக்கு நாலாவதைத் தொடங்கினேன். பத்து நிமிடம் போயிருக்கும். கீழே ஸ்டோரிலிருந்து வரும் இரைச்சலில் ஏதோ குறைந்தது. அந்த இரைச்சலில்தான் நான் பிறந்ததிலிருந்து தூங்கியிருக்கிறேன். பல்பைப் போல இதையும் நான் கேட்டதில்லை. இரண்டு நாளாகத்தான் கேட்கத் தொடங்கியிருந்தேன். ஒரு ரோலர் நின்றுவிட்டது. எட்டு பத்துக்கு நிற்க வேண்டியது எட்டு ஒன்றுக்கே நின்றுவிட்டது. நேற்று மழை. கொழுந்து குறைவு, பாதி ரோலருக்குத்தான் நிரப்பியிருப்பார்கள். இப்போது கொட்டி, நிரப்பி, எட்டு பதினொன்றுக்குத் திரும்பப் புறப்படும். என் கொப்பிக் கணக்கில் எட்டு இருபது.

கணக்கை விட்டேன். காதை நம்பினேன். எட்டு எட்டுக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் மோதிரம் போட்டுக்கொண்டிருந்தார். மோதிரம் பாதி விரலில் இருந்தபோதே நிறுத்தினேன். கோப்பு மூடியது. மூன்று நிமிடம் கழித்துப் பல்பு மங்கியது.

கடைசி இடைவெளியில் எனக்கு வேண்டியது இருபத்தைந்து நிமிடம். இரண்டாவது ரோலர் எப்போது நிற்கிறது, எப்போது புறப்படுகிறது என்று கதவைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். மழைச்சாரல் உள்ளே அடித்தது. பெட்டிக்கு மேல் சாக்கு ஒன்றைக் கூரைபோலப் பிடித்துக்கொண்டேன். எட்டு நாற்பத்தெட்டுக்கு மணமக்கள் காரில் ஏறினார்கள், டேப் முடிந்து திரை வெண்புள்ளிகளாகியது. நிறுத்தி, அணைத்து, தொப்பியை 66க்கு மாற்றினேன்.

மாற்றும் வேலை வியாழன் விடியற்காலை வரைக்கும் ஓடியது. அதற்கிடையில் எத்தனையோ தரம் பல்பு மங்கியது. பெட்டி கண்டுகொள்ளவில்லை. இரண்டு சீடியாக எழுதி முடித்தேன்.

வெள்ளிக்கிழமை துரைராசா ஐயா கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, சீடியைப் போட்டு, நாற்காலியை டிவிக்கு ஓரடி தூரத்தில் இழுத்துப் போட்டார். தவில் வரும் இடங்களுக்கெல்லாம் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தரம் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துப் பார்த்தார். தவில்காரரின் கை விழுந்தது, சத்தம் வந்தது. நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மோதிரம் போடும் இடத்தில் நிறுத்தினார். "இஞ்ச ஒரு வெட்டு இருக்கு. தாய்மாமன்ர கை ஒருக்கா துடிக்குது. ஏன்?"

சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு கொப்பியை எடுத்து மேசையில் விரித்துச் சொன்னேன். "ஸ்டோர்ல ரோலர் போடுற நேரம் ஐயா. அன்னிக்கு முந்திப் போட்டுட்டாங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியை முதல் பக்கத்திலிருந்து படித்தார். 66, 100, கறுப்புத்திரை, பதினாலு மங்கல்கள், கட்டங்கள். ஒரு இடத்தில் பென்சிலை எடுத்து ஒரு கூட்டலைச் சரிபார்த்தார். சரியாக இருந்தது. பென்சிலை வைத்துவிட்டார். அலுமாரியைத் திறந்து, கொழும்புக்குக் கட்டி வைத்திருந்த பார்சலை அவிழ்த்து, ஆறு டேப்புகளை என் முன்னால் அடுக்கினார். வாரம் இவ்வளவு வரும் என்றார்.

நான் மனதுக்குள் காலைகளை எண்ணினேன். செவ்வாயிலிருந்து சனி வரைக்கும் ஐந்து காலை. ஒரு காலைக்கு ஒரு டேப். பிடிப்பதற்கு நாலு மணி, மாற்றுவதற்கு பதினெட்டு. அதில் ஒரு காலை மழையிலோ கரண்ட் வெட்டிலோ போகும். ஞாயிற்றுக்கிழமையில் இன்னொன்று செய்யலாம், ஆனால் அந்த நாளை ஒரு பிழையைத் திருத்துவதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

மேலே இருந்த இரண்டு டேப்புகளை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நாலு செய்வேன் ஐயா."

"கொழும்பில ஆறையும் எடுப்பினம், பிள்ளை."

"எடுப்பாங்க. நான் எடுத்தா நாலுதான். நாலும் ஒழுங்கா வரும்."

அவர் என்னையும் அந்த இரண்டு டேப்புகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ரோலர் நேரம் மாறினால்?"

"காது கொடுத்துக் கேப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. இரண்டு டேப்புகளையும் எடுத்துப் பார்சலில் திரும்பக் கட்டினார். மற்ற நாலையும் என் பக்கம் தள்ளினார்.

பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் கொமினிகேஷனில் நுழைந்து கொழும்புக் கடைக்கு டெலிபோன் எடுத்தேன். முதலாளிதான் எடுத்தார். ஆகஸ்டில் வரமாட்டேன், வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அங்கே என்ன வேலை கிடைத்தது என்று கேட்டார். கணினி வேலை என்றேன். யாருடைய கடையில் என்றார்.

"எங்க காம்பராவுல," என்று சொல்லிவிட்டு, டேப்புகளை நனையாமல் அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.